மூன்றாம் ஓலைக்குப் போன பயணம்

முருங்கனில் நெல் குற்றும் மில் ஒன்றைக் கட்டினேன். ஓட்டை விழுந்த தகரங்களைப் பொறுக்கி வந்து, ஓட்டைகளுக்குத் தார் வைத்துக் கூரை போட்ட மில் அது. கல்வீடு ஒன்று கட்டினேன். பின்வளவில் கிணறு வெட்டினேன். அயல் கிணறுகள் எல்லாம் வற்றினாலும் அதில் தண்ணீர் நிற்கும். சண்டையில் மூன்று தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். மூன்று தடவையும் திரும்பி வந்து அதே அத்திவாரத்தில் கட்டினேன். லொறி இரண்டு வாங்கினேன். நான்கு பிள்ளைகளைப் படிப்பித்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. இன்றைக்கு வங்கிக்குப் போனால் மனேஜர் எழுந்து நின்று கதிரை தருகிறார். இதில் எதையும் யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் லொறியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் என் நண்பர். மன்னார்த் தீவில் பள்ளிமுனையில் பிறந்து, முருங்கனில் பெண்ணெடுத்து எங்கள் பக்கமே தங்கிவிட்டவர். என்னை ‘முதலாளி’ என்பார். அந்தச் சொல்லில் மரியாதையை விட நக்கல் கூட.

பள்ளிமுனையில் அவருக்கு ஒரு தங்கை இருக்கிறார். கணவரைக் கடலில் பறிகொடுத்தவர், ஒரே மகள். அண்ணனும் தங்கையும் ஏழு வருடம் பேச்சில்லாமல் இருந்தார்கள். காரணம் இதுதான்: அவர்களுடைய தாய் செத்த அன்று, மகன் வந்து முகம் பார்க்கமுன் பெட்டியை மூடிவிட்டார்கள். மூடச் சொன்னது தங்கைதான் என்று அண்ணன் கதைப்பதை விட்டுவிட்டார்.

போன வருடம் தங்கையின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. நாங்கள் கத்தோலிக்கர்; கோயிலில் பீடம் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டியது தாய்மாமன். தங்கை நேரே முருங்கனுக்கு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். இவர் பின்கதவால் போய், அடம்பன் பஸ்ஸில் ஏறி, பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகுதான் நான் விஷயத்தைக் கையில் எடுத்தேன். “சனி ஞாயிறு மன்னாருக்குப் போவம். ஏசி அறை. கடல் குளிப்பு. நண்டுக்கறி,” என்றேன்.

“கடலில பிறந்தவனுக்குக் கடல் காட்டப் போறீரோ, முதலாளி?”

“எனக்குக் காட்டும். நான் வயல்காரன்.”

எங்கள் ஆட்களிடையே கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

தை மாதக் கடைசி. மழை விட்டு நல்ல வெயில். என் வாகனத்தை அவர்தான் ஓட்டினார். நான் ஓட்டினால் தனக்கு நெஞ்சிடிக்கும் என்றார். பாலத்தில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரிக் கிடந்தது, காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. டவுனுக்குள் ஏழெட்டுக் கழுதைகள் றோட்டை மறித்து நின்றன. ஹோன் அடிக்காமல், அவை விலகும் வரை பொறுமையாக இருந்தார். கழுதைக்குக் காட்டுகிற பொறுமையைத் தங்கைக்குக் காட்டினால் என்ன என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

உப்புக்குளத்தில் ஒரு கடையில் நண்டும் சோறும் சாப்பிட்டோம். பின்னேரம் கடலில் இறங்கினோம். அவர் கழுத்தளவு தண்ணீருக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

“ஊரெல்லாம் கட்டி எழுப்பினவர் முழங்கால் தண்ணியில நிண்டு நடுங்கிறார்! ஆராவது வந்து பாருங்கோ!”

தன் மனைவி செத்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. இவ்வளவு போதும், திரும்பிப் போய்விடுவோமா என்றுகூட நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, பூசைக்கு எங்கே போவது என்று கேட்டார். பள்ளிமுனைக்கு என்றேன். சவரம் செய்துகொண்டிருந்த கை நின்றது. பிறகு மற்றக் கன்னத்தையும் வழித்தார்.

ஆண்கள் பக்கம் நடுவில் ஒரு மர வாங்கில் இருந்தோம். பிரசங்கம் முடிந்து பங்குச் சுவாமி ஓலை வாசித்தார். காலஞ்சென்ற இன்னாரின் மகள் என்று பெண்ணின் பெயர் வந்தது. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். என் நண்பர் எழுந்து நின்றார். வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு முக்காடு திரும்பி எங்களைப் பார்த்தது, தங்கைதான். அவர் சட்டையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் பக்கக் கதவால் வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

வெளியே வேம்பின் கீழ் நின்றார்.

“இதுக்குத்தானோ முதலாளி நண்டுக்கறி?”

“ஓம்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்காம என்ர மருமகளுக்கு மூண்டு ஓலையும் வாசிச்சு முடிச்சிட்டினம்.”

“கேக்க வந்தவள். நீர்தான் பின்கதவால ஓடினனீர்.”

“அம்மாவின்ர முகத்தை எனக்குக் காட்டாதவள். அவளோட எனக்கென்ன கதை?”

அந்தச் செத்தவீட்டை நடத்தியது நான். பந்தல், கதிரை, சுவாமிக்கு ஆள் அனுப்புவது, எல்லாம் நான். இவரை அந்தக் கிழமை கொழும்புக்கு அரிசி ஏற்றி அனுப்பியதும் நான்தான். மதவாச்சியில் நின்று போன் எடுத்தார்: “வந்துகொண்டிருக்கிறன், மூடிப்போடாதேங்கோ.” தங்கையின் போன் என் கையில் இருந்தது; கேட்டது நான் என்று அவருக்குத் தெரியாது. சுவாமிக்கு வேறு இடத்தில் பூசை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வர இனி ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். தங்கை பெட்டியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை வாறார், பொறுங்கோ,” என்று அழுதார். நான் மூடச் சொன்னேன். நான் சொன்னால் அங்கே யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள், பிறகு வெளியில் கதைக்கவும் மாட்டார்கள். இவர் சேமக்காலைக்கு வந்து சேர்ந்தபோது பாதி மண் விழுந்துவிட்டது. ஆர் மூடச் சொன்னது என்று கத்தினார். தங்கை என்னை ஒருக்கால் பார்த்தார். பார்த்துவிட்டு, “நான்தான்,” என்றார்.

வாய் திறக்காமல் நின்றேன்.

வேம்பின் கீழ் அதைச் சொன்னேன். “மூடச் சொன்னது நான். அவள் விடேல்லை. நான்தான் மூடுவிச்சனான்.”

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லம்.

“அவள் தானெண்டல்லோ சொன்னவள்?”

“என்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னவள். உம்மையும்.”

“ஏழு வருசம்,” என்றார். “ஏழு வருசம் என்ர வீட்டில வந்திருந்து தேத்தண்ணி குடிச்சனீர்.”

“குடிச்சனான்.”

பூசை முடிந்து சனம் வந்தது. தங்கை படியில் நின்றார், இறங்கவில்லை. அண்ணன்தான் போனார். நான் தள்ளி நின்றேன், ஆனால் கதை காதில் விழுந்தது.

“ஏனடி எனக்குச் சொல்லேல்லை?”

தங்கை என் பக்கம் பார்த்தார். “அவர் சொன்னவரோ?”

“சொன்னவர்.”

“அப்ப உங்கட வீட்டில கட்டிக்குடுக்க மூண்டு குமர் இருந்ததுகள், அண்ணை. முதலாளியோட கொளுவிப்போட்டு லொறியை விட்டா என்ன செய்திருப்பியள்?”

அவர் ஒரு படி ஏறினார்.

“கூறைச்சீலை எடுத்தாச்சோ?”

“எடுத்தாச்சு. உங்களுக்குத்தான் வேட்டி எடுக்கேல்லை. அளவு தெரியேல்லை.”

“வேட்டிக்கு என்னடி விசரி அளவு?”

தங்கை சிரித்துக்கொண்டு அழுதார். அவர் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், வாகனத் திறப்பை என் கையில் வைத்துவிட்டு, தங்கையோடு நடந்தார். நான் தனியே பாலத்தைத் தாண்டி, பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் முந்திப் போக, மெல்ல மெல்ல முருங்கனுக்கு ஓட்டி வந்தேன். கலியாணம் வரை அவர் என் வாசலுக்கு வரவில்லை.

கலியாணத்துக்குப் போனேன். கடைசி வாங்கில் இருந்தேன். மாமன் மருமகளின் கையைப் பிடித்து நடந்தார், சவாரி பழகாத மாடு மாதிரி, கால் மாறி மாறி. விருந்தில் சனம் அவரைச் சுற்றி நின்று, என்ன கோபம், எப்படித் தீர்ந்தது என்று கேட்டது. “சின்ன வாய்த்தர்க்கம். ஆண்டவர் தீர்த்து வைச்சார்,” என்றார். தங்கையைக் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார். பிறகு என் நண்பர் ஒரு சோடாவை என் முன்னால் வைத்து, “குடியும், முதலாளி,” என்றுவிட்டுப் போனார்.

முதலில் தங்கை என்னை மறைத்தார். இப்போது அண்ணனும் தங்கையும் சேர்ந்து மறைக்கிறார்கள். பெரிய மனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம். என் மில்லுக்கும் கிணற்றுக்கும் என் பெயரைச் சொல்கிற ஊர் இதற்கும் சொல்லட்டும். அந்த மருமகளுக்குச் சொல்லுங்கள், அவள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: அம்மம்மாவின் பெட்டியை மகன் வரமுன் மூடுவித்தவன் முருங்கன் மில்காரன். ஏழு வருடம் பேசாமல் இருந்தவனும் அவன்தான். கடைசியில் பள்ளிமுனைக் கோயில் வாசலில் அதை வாய் திறந்து சொன்னவனும் அவன்தான். மூன்றும் என் வேலை. ஒன்றையும் குறைக்காமல் சொல்லுங்கள்.