இரண்டாவது கொப்பரை

வீட்டிலேயே இருந்துவிடுவதும் ஒரு பதிலாக எண்ணப்படும் ஊரில், ஓட்டுச்சீட்டைத் திரைக்குப் பின்னால் போய் மடித்து என்ன பயன்? ஸ்தமேனாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். அவள் இதை இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுமை கிடையாது. "பேசி முடிச்சாச்சுன்னா வெங்காயம் உரிங்க" என்பாள்.

எங்கள் பெலோகாமென் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர், அவள் சமையல்காரி. பிள்ளைகள் தீர்ந்துபோனதும் பள்ளியை மூடினார்கள். அதன்பிறகு அந்தக் கட்டடம் தேர்தல் நாள்களில் மட்டும் திறந்தது. அடுத்தடுத்த வீடுகள் என்பதால் வேலியின் இந்தப் பக்கத்திலிருந்து அவள் வாழ்க்கையில் பெரும்பகுதியைக் கேட்டிருக்கிறேன். அவளைப் பெரிய மனுஷி என்று சொல்ல வரவில்லை. வாய் நீளம். கோபம் வந்தால் மாதக்கணக்கில் வைத்திருப்பாள். இறந்துபோன கணவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு கதை ஊரில் உண்டு. பழைய ஒரே கட்சி ஆட்சியில் எல்லோரும் ஓட்டுப் போடப் போக வேண்டும், எல்லோருக்கும் ஒரே சீட்டு. வாங்கி, நேரே பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். திரைக்குப் பின்னால் ஓர் இருட்டறை இருந்தது. அதற்குள் யாரும் போவதில்லை; போனால் சீட்டில் எதையோ அடிக்கப் போனதாக அர்த்தம். ஒரு தேர்தலில் அவர் போய்விட்டார். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது, எல்லோர் முன்னாலும் குனிய வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் முழுக்க அலுவலகம் அலுவலகமாகக் கூப்பிட்டு, உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டார்கள். கயிற்றைக் கட்டினேன் என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னார். சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடியது. கடைசியில் இருந்த வேலையிலிருந்து எடுத்து, ஆடு மேய்க்க மாற்றினார்கள். ஸ்தமேனா இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வாள்.

ஊருக்கு மேலே கல்குவாரி இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புக் கல். ஒரு வசந்த காலத்தில் எங்கள் குழாய்களில் தண்ணீர் பால் போல வரத் தொடங்கியது. அதே சமயம், குவாரி மேல்மேட்டுக்கும் விரியப் போவதாகச் செய்தி வந்தது. ஊற்று அந்த மேட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஸ்தமேனாவின் ராஸ்பெரிச் செடிகளும் குடமிளகாயும் அந்த ஊற்றை நம்பித்தான் இருந்தன. ஊர் முழுக்கவே அப்படித்தான். ஊரையே கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று வாக்கெடுப்பு கோரி அவள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனாள். முதலில் போனது எதிர்வீட்டுப் பென்காவிடம்.

"கையெழுத்துப் போடுடி."

"எதுக்கு?"

"ஊர்கிட்ட கேக்கச் சொல்லி."

"ஊரு எங்கடி இருக்கு? பாதி ஊரு ஸ்பெயின்ல தக்காளி பறிக்குது."

"மிச்சப் பாதிகிட்ட கேக்கட்டும். பேனா எழுதுதா பாரு."

பென்கா கேலியாகச் சொன்னதுதான் பின்னால் கழுத்தை இறுக்கியது. பட்டியலில் உள்ளவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு பேராவது வந்து ஓட்டுப் போட்டால்தான் வாக்கெடுப்பு செல்லும். ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தன. அவர்கள் வரப்போவதில்லை. இங்கே இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வந்தால்தான் எண்ணிக்கை தேறும். ஆகவே குவாரியை ஆதரிக்கிறவன் 'வேண்டும்' என்று ஓட்டுப் போட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் இருந்தால் போதும். பள்ளிக்கூடப் படியேறுகிறவன் குவாரிக்கு எதிரி. உள்ளே சீட்டில் என்ன குறித்தான் என்று யாரும் பார்க்கத் தேவையில்லை, படியேறினானா என்று பார்த்தால் போதும். யாரோ உட்கார்ந்து திட்டமிட்ட சதி அல்ல இது. சட்டத்தை எழுதியவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருப்பார்கள்.

கோரிக்கை நகராட்சியில் இழுபட்டுக்கொண்டிருந்த இரண்டு வருஷத்துக்குள் அவள் மகன் ராங்கெல் ஸ்பெயினிலிருந்து திரும்பி வந்தான். மனைவியோடும் சிறு மகளோடும் வந்தவனுக்கு எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே வேலை குவாரியில்தான். பாறை அள்ளும் வண்டி ஓட்டினான். ஸ்தமேனா அந்தப் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை அவள் அப்படி நடந்ததில்லை. மேல்மேடு கிடைக்காவிட்டால் குவாரியை மூடிவிடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் ஊற்று போகும். அவள் கேட்ட வாக்கெடுப்பு, அவள் மறந்துவிட நினைத்த நேரத்தில் வந்து சேர்ந்தது.

நகராட்சி குறித்த நாள், எங்கள் புனித இலியா திருவிழா ஞாயிறு. அன்றைக்குத்தான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். பொய் என்று சொல்ல முடியாது. அன்று மேல்மேட்டுச் சிறுகோவில் முன்னால் செம்மறி வெட்டி, கொப்பரையில் சூப் காய்ச்சி, பாதிரியார் ஆசீர்வதித்த பிறகு ஊருக்கே ஊற்றுவோம். குர்பான் என்போம். அந்தக் கிண்ணத்தை வேண்டாம் என்று சொன்னவர் யாரும் இல்லை. கொப்பரையில் உப்புப் போட்டவள் கடைசிக் கிண்ணம் போகும்வரை நெருப்பை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அந்த வருஷம் ஊருக்கு இடியும் ஆலங்கட்டி மழையும் என்று நம்பிக்கை. பல வருஷமாக உப்புப் போடுகிறவள் ஸ்தமேனா.

திருவிழாவுக்கு முந்தைய வாரம் ராங்கெல் அவளிடம் பேசியது வேலி வழியாகக் கேட்டது.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நீ போகப்போறியா?"

"போகப்போறியான்னு கேக்குறியா, போகாதேன்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. வெலிச்கோதான் கேட்டாரு." வெலிச்கோ குவாரியின் மேற்பார்வையாளர், எங்கள் ஊர்க்காரர்தான்.

"என்ன கேட்டான்?"

"உங்கம்மா இந்த வருஷமும் உப்புப் போடுவாங்கல்லன்னு கேட்டாரு. கம்பெனி செலவுல ஆடு நிறைய வருதாம். ரெண்டு கொப்பரை."

பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டா?" என்றாள். "ரெண்டு கொப்பரை ஊத்தி முடிக்க ராத்திரி ஆயிடுமே."

"ஆமா."

"அதுக்குள்ள பள்ளிக்கூடம் பூட்டிடுவாங்க."

"அதான்மா. உனக்கும் நல்லது. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல முடியாது. கொப்பரைகிட்ட நின்னாங்கன்னு சொல்லிடலாம்."

அவளுக்குத் தப்பிக்க ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். அது கோவில் வழியாகவும் இருந்தது. இதைவிட மரியாதையான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

அன்று நான் மேட்டுக்குப் போகவில்லை. வாக்குச்சாவடி மேசையில் உட்கார வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறைதான் சாவடி. ஜன்னல் வழியே மேல்மேடு தெரியும், அங்கிருந்து இறங்கும் பாதையும் தெரியும். நடுவில் ஒரு மரம்கூட இல்லை. எங்களால் அவர்களைப் பார்க்க முடிந்தது என்றால் அவர்களாலும் எங்களைப் பார்க்க முடிந்தது. காலையில் சிலர் வந்தார்கள்; குவாரியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓய்வூதியக்காரர்கள், ஊற்றுக்குப் பக்கத்தில் தேனீ வளர்க்கிறவர்கள். மத்தியானத்துக்கு மேல் யாரும் வரவில்லை. மேலே அக்கார்டியன் வாசிக்கும் சத்தமும் வறுத்த வெங்காய வாசனையும் இறங்கி வந்துகொண்டிருந்தன.

மேலே நடந்ததைப் பென்கா சொல்லித்தான் தெரியும். முதல் கொப்பரை தீர்ந்தது. இரண்டாவதில் பாதி போயிருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. வெலிச்கோ மடக்கு நாற்காலியைக் கொப்பரைக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கை வலிக்கலையா?" என்றாராம்.

"உனக்கு உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்கலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஸ்தமேனா இன்னும் இரண்டு கிண்ணம் ஊற்றினாள். பிறகு அகப்பையைப் பென்காவிடம் நீட்டினாள்.

"பிடி."

"ஏய், கடைசிக் கிண்ணம் இன்னும் போகல..."

"பிடின்னேன்."

"ஆலங்கட்டி மழை வரும்டி!"

"வந்தா வரட்டும். அடி பிடிக்காம கிளறு."

ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, வெலிச்கோவின் நாற்காலி முதுகில் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ராங்கெல் கையில் கிண்ணத்தோடு நின்றான். "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். வரிசையில் நின்றவர்கள் கிண்ணத்தைத் தாழ்த்திக்கொண்டார்கள். அக்கார்டியன்காரன் மட்டும், நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தானாம்.

ஜன்னலிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வேகமாக வரவில்லை. முழங்கால் வலிக்காரி, சரிவில் பக்கவாட்டாகத்தான் இறங்குவாள். உள்ளே வந்தபோது புகை நாற்றமும் கறி வாசனையும் கூடவே வந்தன. அவள் பல வருஷம் பீன்ஸ் பரிமாறிய அறை அது. அடையாள அட்டையைக் காட்டினாள். சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். அதிக நேரம் ஆகவில்லை. மடித்து வந்து பெட்டியில் போட்டாள்.

"எவ்வளவு பேர் வந்தாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"போதாது."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேவையான எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வாக்கெடுப்பு செல்லாது. குவாரி ஜெயித்துவிட்டது. ஆனாலும் பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும் என்பது சட்டம். எண்ணினோம். எல்லாமே 'வேண்டாம்', ஒன்றைத் தவிர. ஒரே ஒரு சீட்டில் 'வேண்டும்' என்று தெளிவாகக் குறித்திருந்தது. மறுபடி பார்த்தோம். தடுமாறிக் குறித்தது போல இல்லை. முடிவைக் கதவில் ஒட்டினோம். மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்க அந்த ஒரு சீட்டைப் பற்றியே பேச்சு.

குவாரியை ஆதரிக்கிறவன் வீட்டிலேயே இருந்திருப்பான். வந்து எண்ணிக்கையைக் கூட்ட அவனுக்குக் காரணமில்லை. வந்து, வந்ததற்காகக் கெட்ட பெயரும் வாங்கி, உள்ளே போய் 'வேண்டும்' என்று குறிக்க யாருக்குக் காரணம் இருந்திருக்கும்? பேத்தியை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பிய ஒருத்திக்கு இருந்திருக்கலாம் என்றார்கள். இல்லை, ஊற்றுக்காகக் கையெழுத்து வாங்கி அலைந்தவள் அப்படிச் செய்ய மாட்டாள், கண் தெரியாத கிழவன் யாரோ மாற்றிக் குறித்துவிட்டான் என்றார்கள் மற்றவர்கள். பென்கா நேராகவே கேட்டுவிட்டாள்.

"உன் சீட்டுதானே அது?"

"சூப்பு அடி பிடிச்சுதா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

"நான் கேட்டதுக்கு நீ சொல்லு."

அந்த வாரமே ராங்கெலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆள் குறைப்பு என்றார்கள். வேறு யாரையும் குறைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் வெலிச்கோ அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். ஸ்தமேனா முற்றத்தில் இரும்புத் தட்டு வைத்துக் குளிர்காலத்துக்காகக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். வந்தவருக்கு வழக்கம்போல ஒரு கரண்டி ராஸ்பெரி ஜாமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஜாமைச் சாப்பிட்டார். கிளாஸைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுத்தா வெள்ளையெல்லாம் அடியில தங்கிடும்" என்றாள்.

"ஸ்தமேனா அக்கா, நான் கெட்டவன் இல்ல."

"யாரு சொன்னா?"

"கம்பெனியில மேல இருக்குறவங்களுக்கு நான் எதாவது சொல்லியாகணும். எல்லாருக்கும் முன்னால கொப்பரைய விட்டுட்டு எறங்கிப் போனீங்க. அத அவங்க மறக்க மாட்டாங்க. ஆனா அந்த ஒரு சீட்டு உங்களோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். ராங்கெல் திங்கக்கிழமை வண்டியில ஏறலாம். சத்தியமா."

ராங்கெல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். "சொல்லும்மா" என்றான். "உண்மையா இல்லாட்டியும் பரவாயில்ல, சொல்லும்மா."

அவள் மிளகாய்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். தோல் வெடிக்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஒரு பக்கம் கருகிப்போச்சு" என்றாள். அவ்வளவுதான்.

வெலிச்கோ எழுந்தார். "அவன் பஸ் ஏறுற வரைக்கும் நேரம் இருக்கு அக்கா. எப்ப வேணாலும் கூப்பிடுங்க." தண்ணீரைக் குடிக்காமல் போனார்.

நான் அவளைப் புகழவில்லை. அந்த ஒரு வார்த்தை உண்மையாக இருந்திருந்தாலும் பொய்யாக இருந்திருந்தாலும் ஒரு குடும்பம் ஊரில் தங்கியிருக்கும். அதைவிடப் பெரியதாக ஒரு மடித்த சீட்டுக்குள் என்ன இருக்க முடியும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவளிடமே ஒரு முறை கேட்கப் போய், வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இலையுதிர் காலத்தில், மேல்மேட்டில் முதல் வெடி வைத்த வாரத்தில், ராங்கெல் குடும்பத்தோடு மறுபடி ஸ்பெயினுக்குப் புறப்பட்டான். பஸ் பள்ளிக்கூடத்துக்கு முன்னால்தான் நிற்கும். நானும் பென்காவும் வழியனுப்பப் போயிருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் வெலிச்கோ தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பேத்தி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள்.

ராங்கெல் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினான். வெலிச்கோவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"அம்மா. இப்பவாவது."

ஸ்தமேனாவும் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வெலிச்கோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

அவள் பையிலிருந்து சுட்ட மிளகாய் ஜாடியை எடுத்து மகன் கையில் கொடுத்தாள்.

"மூடி சரியா இறுகல" என்றாள். "நிமித்தியே வச்சுக்கோ."