மேடைக்குக் கீழே பாடிய பாட்டு

போன வாரம் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர்கள் சாலையோரத்தில் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி உறுமியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேறும் வாடை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அறுபதைத் தாண்டியவளுக்கு இது தேவையா, நீங்களே சொல்லுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு புகைப்படக் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவேன். அங்கே கிட்டார் வாசித்த சேவியர், வாரக்கடைசியில் ஹோட்டலில் ஆங்கிலப் பாட்டு வாசிப்பவர். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத மனிதர். “தோட்டத்துப் பாட்ட நாம சேர்ந்து பாடலாம்லா” என்று ஆரம்பித்தவர் அவர்தான். சாப்பாட்டுக் கடை காதர் அண்ணனைப் பிடித்தார். தப்ஸ் தட்டி இஸ்லாமியப் பாடல்கள் பாடுகிறவர். காதர் அண்ணன் தன் கடைக்குத் தேநீர் குடிக்க வரும் மாரியண்ணனைக் கூட்டிவந்தார். மாரியண்ணன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், திருவிழாக்களில் உறுமி வாசிப்பவர்.

கடை மாடியில், மீன் குழம்பு வாசனைக்கு நடுவே பயிற்சி. பயிற்சி என்ன, சண்டைதான். உறுமி எழுந்தால் கிட்டார் கேட்காது. குழந்தையை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயின் பாட்டு ஒன்று. அதை நான் தேவாலயத்தில் பாடுவதுபோல் இழுப்பேன்.

“தங்கச்சி, அங்க புள்ள அழுவுது, நீ ஜெபம் பண்ணுறியே” என்பார் மாரியண்ணன்.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அழைத்தார்கள். மாரியண்ணன் சட்டையைப் பெட்டிபோட்டு, லோரியில் கசங்காமல் நின்றுகொண்டே வந்தார். மேடை ஏறப்போனபோது கோயில் தலைவர் கையை நீட்டி மறித்தார்.

“உறுமி கீழ இருக்கட்டும். மத்தவங்க மேல போங்க.”

மாரியண்ணனின் சாதியை அவர் கேட்கக்கூட இல்லை. உறுமியைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்.

“அப்ப எங்களுக்கும் மேடை வேணாம்லா” என்றார் காதர் அண்ணன்.

நாங்கள் மூவரும் மேடைப் படியிலிருந்து மண்ணில் இறங்கி நின்றோம். கூட்டம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. தாயின் பாட்டு வந்தபோது முன்னால் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி வழியில் மாரியண்ணன் சொன்னார்.

“நீங்க எறங்குனது நல்ல மனசுதான். ஆனா என்னய மேல ஏத்துங்கன்னு ஒருத்தரும் கேக்கலியே.”

லோரி ஓடிக்கொண்டிருந்தது. சேவியர் கிட்டார் கம்பியைச் சும்மா முறுக்கிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு, மாரியண்ணனையும் மேடையேற்றும் இடம் தேடி அவர் அலையாத இடமில்லை. கடைசியில் ஈப்போவிலேயே ஒரு மண்டபம் கிடைத்தது. அதற்குள் மாரியண்ணன் வேலை செய்த தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயம் காலியாகிவிட்டது. குடும்பத்தோடு ஜொகூர் பக்கம் போனதாகச் சொன்னார்கள். காதர் அண்ணன் போய்த் தேடியும் பார்த்தார். உறுமி இல்லாமல் பாடினோம். கிட்டார் தெளிவாகக் கேட்டது, கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த வாரம் ஒருவரும் மாடி ஏறவில்லை.

சேவியர் சிங்கப்பூர் போனார். காதர் அண்ணன் கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். மாரியண்ணன் பால்மரம் வெட்டிய தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஹுத்தான் மெலிந்தாங்குக்கு ஒருமுறை காரில் போனேன். கோயிலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மேடையும் இல்லை, மறித்த தலைவரும் இல்லை. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்கலாம் என்றால், கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.