தறிவீட்டுப் பிள்ளை

எனக்குத் தலைவலி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவேன். பதினொன்றேகால். சேலத்தில் ஏழு மணிக்கு ஒரு பஸ், எடப்பாடியில் இறங்கி இன்னொரு பஸ், வாரத்தில் பாதி நாள் இரண்டிலும் நின்றுகொண்டே பயணம். இறங்கி அரை கிலோமீட்டர் நடந்தால் பள்ளிக்கூடம். இரண்டே ஆசிரியைகள். தலைமையாசிரியைக்கு நாலும் அஞ்சும். எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று வகுப்பும் ஒரே அறையில், இருபத்தேழு பிள்ளைகள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இந்த அறையில் மட்டும் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

வந்து பையை வைத்ததும் பாடம் ஆரம்பிக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம். காலைச் சாப்பாடு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், போனில் ஏற்ற வேண்டும். வருகையைப் போனில் ஏற்ற வேண்டும். அறைக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தடிதான் என் ஆபீஸ். அங்கே நின்று போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். உள்ளே ஒருத்தன் இன்னொருத்தியின் சிலேட்டை நக்கி அழித்துவிட்டான் என்று புகார் வரும். எழுத்துத் தெரியாதவர்கள் அரும்பு, கொஞ்சம் தெரிந்தவர்கள் மொட்டு, வகுப்புக்கு ஏற்றபடி படிப்பவர்கள் மலர் என்று பாயில் மூன்று வட்டமாக உட்கார வைத்திருப்பேன். மலரைப் பார்த்தால் அரும்பு அடித்துக்கொள்ளும். அரும்பைப் பார்த்தால் மொட்டு வெளியே ஓடும்.

அப்படி ஒரு ஜூன் மாதத்தில்தான் அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். எலும்பும் தோலுமாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு இருந்தாள். முதல் நாள் வருகை எடுத்தபோது அவள் சொன்ன ‘உள்ளேன் டீச்சர்’ அடுத்த அறைவரை போய், தலைமையாசிரியை என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அதையும் அதே சத்தத்தில்.

இந்த ஊரில் பாதி வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிவீட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை கொஞ்சம் பெரிதுதான். ஆனால் மற்றவர்கள் அங்கன்வாடிக்குப் போய், தெருவில் விளையாடி, அடங்கி வந்திருந்தார்கள். இவள் வீடு ஊரைத் தாண்டி, வயல்காட்டுக்குள் தனியாக இருந்தது. தறி ஓடும் கொட்டகையும் வீடும் ஒரே கூரை. அங்கன்வாடி பக்கமே அனுப்பவில்லை. அம்மாவும் அப்பாவும் நாளெல்லாம் தறியில் நிற்க, தூளி கட்டினதும் அங்கேயே, தவழ்ந்ததும் அங்கேயே.

கெட்டிக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு அதை நானே மறந்துபோனேன். கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதி முடிக்கும் முன்பே சொல்லுவாள். தாங்கமுடியாத சத்தத்தில் சொல்லுவாள். மெதுவா பேசு சாமி என்று ஆரம்பத்தில் கொஞ்சலாகச் சொன்னேன். பிறகு சும்மா சொன்னேன். பிறகு எரிந்து விழுந்தேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் கத்துவாள். எனக்குப் பதினொன்றேகால் தலைவலி பத்தரைக்கே வர ஆரம்பித்தது.

ஆகஸ்டில் ஒரு நாள். காய்ச்சலோடு வந்திருந்தேன். லீவு போட்டால் ஐந்து வகுப்பையும் தலைமையாசிரியை ஒருத்தியே மேய்க்க வேண்டும் என்று வந்த வீம்பு. அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, தண்ணி குடிக்கப் போகட்டுங்களா டீச்சர் என்று கேட்டாள். எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது.

“வாயை மூடு. இனிமே உன் சத்தமே எனக்குக் கேக்கக் கூடாது.”

மூடிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த ஒரு வாரம் எனக்குச் சுகமாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று தலைமையாசிரியையிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அடுத்தடுத்த வாரங்களில்தான் உறைத்தது. பிள்ளை பேசுவதே இல்லை. மாதாந்திரச் சோதனையில் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து, அட்டையைக் காட்டிப் படிக்கச் சொல்லி, சரியா தப்பா என்று போனில் அழுத்த வேண்டும். அந்தப் பாழாய்ப் போன திரை தொட்டால் உறைந்து நிற்கும். கண்ணை அதில் வைத்துக்கொண்டு காதைப் பிள்ளையிடம் கொடுத்திருப்பேன். அவள் முறை வந்தது. படி என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. தப்பு, தப்பு, தப்பு என்று அழுத்தினேன். மலர் வட்டத்திலிருந்து எடுத்து அரும்பில் உட்கார வைத்தேன். எழுந்து வந்து பேசாமல் உட்கார்ந்தாள்.

மூன்றாம் வகுப்புப் பையன்கள் அவளை ஊமை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திட்டினேன். என் முன்னால் நிறுத்திக்கொண்டார்கள்.

செப்டம்பரில், சிறப்புப் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியை ஒருவர் வந்தார். அவருக்கு இருபது பள்ளிக்கூடம். எங்களுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். பின்னால் நின்று கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். இவள் திரும்பவே இல்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை எடப்பாடியில் மருத்துவ முகாம், ஆதார் நகலும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், தேவைப்பட்டால் விடுதியோடு இருக்கிற காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஒரு பாரம் குறையும் என்று நினைத்தேன்.

அப்பனைக் கூப்பிட்டு அனுப்பினேன். தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். விவரத்தைச் சொன்னேன். வீட்டில் பேசுகிறாள் என்றார். எல்லாப் பெற்றோரும் இதைத்தான் சொல்லுவார்கள். ஆறு வயசுப் பிள்ளையை எப்படி விடுதியில் விடுவது என்று கேட்டார். முகாமில் பார்த்துத்தானே முடிவு செய்வார்கள் என்றேன்.

“ஊமைன்னு பேரு வந்துட்டா அப்புறம் அழியாதுங்க டீச்சர். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க.”

கையெழுத்துப் போடாமல், சம்சாரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். திங்கள் போய், செவ்வாய், புதனும் போனது. ஆள் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு நானே நடந்தேன். நல்ல வெயில். போகும்போது அவர்களைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

தூரத்திலேயே தறிச்சத்தம் கேட்டது. வாசலுக்குப் போனபோது தரை அதிர்ந்தது. உள்ளே நாலு தறி. கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு தறிக்கு நடுவில் அம்மாக்காரி நின்றிருந்தார். எதிரே ஒரு நூல் மூட்டைமேல் அந்தப் பிள்ளை, மடியில் தமிழ்ப் புத்தகம். வாய் அசைந்துகொண்டிருந்தது. விரலை வரிக்கு வரி நகர்த்தி, பக்கத்தைத் திருப்பி, மறுபடி அசைந்தது. அம்மா அறுந்த நூலை முடிந்துகொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஓரிடத்தில் தலையை ஆட்டி, தானும் வாயை அசைத்துத் திருத்தினார். பிள்ளை அந்த வரிக்குத் திரும்பிப் போனாள்.

சத்தமாகத்தான் படிக்கிறாள், தறியில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அப்போது அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பதறி ஓடிவந்து மோட்டார்களை நிறுத்தினார். நாலு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காது விண்ணென்றது. பிள்ளை என்னைக் கவனிக்கவில்லை. இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அமைதியிலும் ஒரு சத்தமும் இல்லை. உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். விரல் இருந்த வரியும் உதடும் ஒன்றாகப் போயின. அது நான் அக்டோபரில் நடத்தவேண்டிய பாடம்.

மாதாவே என்று அங்கேயே இன்னொரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே ஆள் இருந்தால் வாயைப் பார்த்துக்கொள்வோம், தூரத்தில் இருந்தால் கத்துவோம், தறி நிற்பதே அமாவாசை லீவிலும் கரண்ட் போகும்போதும்தான் என்று விளக்கினார். யார் பின்னால் நின்று கைதட்டினாலும் இந்தக் கொட்டகையில் யாரும் திரும்பமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு அதே பழக்கம். ஆக, பிள்ளைக்குத் தெரிந்தது இரண்டே விதம். கத்துவது ஒன்று, உதட்டால் பேசுவது ஒன்று. சத்தமே கேட்கக் கூடாது என்று டீச்சர் சொன்னதும் இரண்டாவதற்கு மாறிக்கொண்டாள். நடுவில் ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவள் நான். சம்பளம் வாங்குகிறேனே அதற்குத்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்வதில்லையே என்று நான் ஈனக்குரலில் கேட்டேன்.

“தெனமும் சொல்றேன், டீச்சர் போனையே பாத்துட்டு இருக்கறாங்கன்னு சொல்லுவாளுங்க. நீங்க அவ வாயப் பாக்கலீங்களா டீச்சர்?”

அந்த அம்மாள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் முகாமுக்கு அவளைத் தவிர்த்து, சிறப்பாசிரியை குறித்துவைத்த மற்ற இரண்டு பிள்ளைகளை அனுப்பினேன். அவரிடம் போனில் விவரம் சொன்னேன். எதற்கும் காதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். அடுத்த மாதம் பார்த்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். எத்தனை பேர் உப்புமா சாப்பிட்டால் என்ன, மத்தியானம் ஏற்றிக்கொள்ளலாம். பாயில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, புத்தகத்தைக் கொடுத்து, அவள் முகத்தைப் பார்த்தேன். படித்தாள். மூன்று பக்கம் படித்தாள். சத்தமா படி சாமி என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். ஏன் என்று கேட்டேன். உதட்டைப் பிரித்துப் பிரித்து, எனக்குப் புரியவேண்டுமே என்று நிதானமாகச் சொன்னாள். திட்டுவீங்க.

திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? எழுந்து மூன்று வகுப்புக்கும் முன்னால் நின்று, டீச்சர் தப்பாகத் திட்டிவிட்டேன், இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். ஊமை என்று கூப்பிட்ட பையன்களில் ஒருவன், எங்களுக்கு அப்பவே தெரியும் டீச்சர் என்றான். எப்படிடா என்றால், அவ வாயிலயே எல்லாத்தையும் சொல்லுவாளே என்றான். போடா, முன்னாலயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றான்.

குரல் திரும்பி வர தீபாவளி தாண்டிவிட்டது. முதலில் விளையாட்டு நேரத்தில், பிறகு வருகைக்கு, பிறகு வாய்ப்பாட்டில். வந்தது பழைய சத்தமேதான். நடுவிலிருக்கும் குரலையும் மெல்லப் பழக்குகிறேன். நான் கையைத் தாழ்த்தினால் குறைப்பாள், அடுத்த வரியில் மறந்துவிடுவாள். மலர் வட்டத்தில் அவள் படிக்கும்போது மொட்டும் அரும்பும் வேறு வழியில்லாமல் சேர்ந்து படித்தன. எனக்கும் தலைவலி பத்தரைக்கே வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம்கூட ஒன்று நடந்தது. இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டு வந்த நாள். மத்தியானம் மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தேன். பக்கத்திலிருந்து அவள் கத்திப் படிக்கும் சத்தம் மண்டையைப் பிளந்தது. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

“சத்தம் போடாதே.”

டக்கென்று நின்றது. இத்தனை மாதப் பாடும் போச்சு, பாவி நான் என்று தலையைத் தூக்கினேன். புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றாள். பிறகு அவள் உதடு மட்டும் அசைந்தது.

தலை வலிக்குதுங்களா டீச்சர்?

ஆமா சாமி என்று நானும் சத்தமில்லாமல் உதட்டிலேயே சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, புத்தகத்தோடு வெளியே நடந்தாள். வேப்பமரத்தடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, விட்ட வரியிலிருந்து மறுபடியும் கத்திப் படிக்க ஆரம்பித்தாள்.