பாட்டுக்கு முந்தைய பேச்சு

தனலட்சுமியின் கணவர் முருகேசன் அன்று காலை எனக்கு மூன்று முறை போன் செய்தார். அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்ததால் முதல் இரண்டையும் துண்டித்தேன். மூன்றாவதை எரிச்சலோடு எடுத்தபோது, "தனம் போயிட்டா சார்" என்றார். முந்தின நாள் ஏரவாடாவில் சொட்டு மருந்து முகாமை முடித்துக்கொண்டு போபோடி வீட்டுக்கு வந்த தனம், டீ கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டீ வந்தபோது அவர் இல்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் எல்லோருக்கும் செய்தி சொன்னது நான்தான். நினைவஞ்சலியும் நான்தான் எழுத வேண்டும் என்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் அவரைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையிலிருந்து இந்த மராத்தி ஊருக்குக் கம்ப்யூட்டர் வேலையாக வந்து விமான் நகரில் குடியேறிய நான், மாதம் ஒரு ஞாயிறு நண்பர்களைக் கூட்டிப் பாட்டுக் கேட்க ஆரம்பித்தேன். சினிமாப் பாட்டு கூடாது. மற்றவர்கள் கேட்டிராத ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவந்து சிபாரிசு செய்ய வேண்டும். கல்லூரிப் பையன்கள் கிடாரோடு பாடித் தாங்களே வெளியிட்ட கேசட்டுகளை நாம் புதையல் மாதிரி எடுத்து வைப்போம். தனம் மாநகராட்சி சுகாதார ஊழியர். என் மகளுக்குத் தடுப்பூசி போட வந்தவர், உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டு நின்றுவிட்டார். கடையில் கிடைக்காத பாட்டு தன்னிடமும் இருப்பதாகச் சொன்னார். புதுப் பாட்டா என்று கேட்டேன். "நீங்க இன்னும் கேக்கலல்ல? அப்ப புதுசுதான்" என்றார். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார்.

அவருடைய மருந்துப் பையில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் இருக்கும். ஊசி போட்டால் குழந்தை அழும். அம்மா பாடிச் சமாதானப்படுத்துவாள். ஏரவாடாவின் சந்துகளில் அப்படி மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் அவர் காதில் விழுந்தன. நல்ல குரலாகத் தோன்றினால் வேலை முடிந்ததும் திரும்பிப் போவார். உடனே பாடச் சொல்ல மாட்டார். பேர் என்ன, எந்த ஊர், இந்த ஊருக்கு எப்போது வந்தாய், அடுப்பில் என்ன இருக்கிறது என்று பேச்சுக் கொடுப்பார். அத்தனையும் கேசட்டில் பதிவாகும். இதெல்லாம் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "பேரைக் கேக்காம பாட்டை மட்டும் எடுத்துட்டு வந்தா அது திருட்டு அண்ணா" என்றார்.

சிபாரிசு ஒருவழிப் பாதை இல்லை என்பதையும் அவர்தான் காட்டினார். நம்முடைய கிடார் கேசட்டுகளை வாங்கிப் போய் அந்தப் பெண்களுக்குப் போட்டுக் காட்டுவார். அடுத்த மாதம் தீர்ப்போடு வருவார். நாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு பாடகனைப் பற்றிக் கட்டட வேலை செய்யும் ஒரு அம்மாள், பையன் ஏக்தம், ரொம்ப நன்றாகப் பாடுகிறான், ஆனால் பசியோடு பாடுகிறான், யாராவது சோறு போடுங்கள் என்று சொல்லியிருந்தாள். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அந்தப் பாட்டை எப்போது கேட்டாலும் எனக்கு அது பசியாகத்தான் கேட்டது.

என் குறைக்கு வருகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத் தெரியும். இரண்டு நிமிடப் பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேச்சு என்றால் உட்கார்ந்த இடத்தில் நெளிவேன். பாட்டு இன்று வருமா, நாளை வருமா என்று தனத்தைக் கிண்டல் செய்வேன். சிடி எழுதும் கருவி வாங்கியதும் அவருடைய கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இரைச்சலை நீக்கினேன். பேச்சை முழுக்க வெட்டினேன். வெறும் பாட்டாக முப்பத்தேழு தேறின. குழுவில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிடி கொடுத்தேன். தனம் தலை குனிந்தபடி பாட்டுகளைக் கேட்டார்.

"நல்லாப் பெருக்கிட்டீங்க அண்ணா. ஆள் இல்லாத வீடு மாதிரி சுத்தமா இருக்கு" என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மடையன். பேசியதெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன், அன்று இருந்தது. இனிமேல் கேசட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், அவற்றின் மேலேயே புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று யோசனையும் சொன்னேன். என்னை நம்பி அப்படியே செய்தார். கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. வெட்டாத பதிவுகளை அழித்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை அவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது என்றே சொன்னேன். முதல் முறை தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டது போல நடித்தேன். இரண்டாம் முறை பயம். இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் அவர் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் ரேணுகா என் வீட்டுக்கு வந்தாள். ஏரவாடாவில் பிறந்த தமிழ்ப் பெண். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அம்மா அஞ்சலை செங்கல் சுமந்தவள். ரேணுகாவுக்கு எட்டு வயதில் இறந்துபோனாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. கடைக்குட்டிக்கு ஊசி போட்ட நாளில் அஞ்சலை பாடிய தாலாட்டைத் தனம் பதிவு செய்திருந்தார். சின்ன வயதில் ரேணுகா அதைத் தனத்தின் வீட்டில் போய்க் கேட்பாளாம். முழுவதும் விமான் நகர் அண்ணனிடம் இருக்கிறது, உன் கல்யாணத்துக்கு வாங்கித் தருகிறேன் என்று தனம் சொல்லி வைத்திருக்கிறார்.

சிடியைப் போட்டேன். எட்டாவது பாட்டில் அவள் நிமிர்ந்தாள். அம்மாவோடு சேர்ந்து வாய்க்குள் முணுமுணுத்தாள். ஒரு சொல் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னால இருக்கே அண்ணா, அத போடுங்க."

நான் எட்டாவது பாட்டையே மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டேன்.

"அம்மா என்னைக் கூப்பிடும். 'ரேணு, வாசல்ல நிக்காத, வந்து பக்கத்துல உக்காரு'ன்னு. அதுதான் வேணும். பாட்டு எனக்கே தெரியும்."

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "பரவால்ல அண்ணா" என்று சிடியை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

தனத்தின் நினைவாக என்னிடம் இருப்பது முப்பத்தேழு பாட்டுகள். ஒன்றில்கூட இரைச்சல் இல்லை. ஒன்றில்கூடத் தனத்தின் குரலும் இல்லை.

சிடி வருவதற்கு முன்னால் அவர் நம் எல்லோருக்கும் கேசட் நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். அவற்றின் மேலும் வேறு ஏதாவது பதிவு செய்துகொள்ளுங்கள் என்று உங்களிடமும் நான்தான் சொன்னேன். என் பேச்சை நீங்கள் யாரும் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். பரணில் பாருங்கள், கட்டிலுக்கடியில் பாருங்கள், பழைய காரின் டாஷ்போர்டு டப்பாவில் பாருங்கள். ஒரு பெண் 'ரேணு' என்று கூப்பிடுவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன். ரேணுகாவின் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.