பில் வராத வீடு

என் மாமனாருக்குப் பீடி, வெற்றிலை, சீட்டு என்று எந்தப் பழக்கமும் கிடையாது. ஊரில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது: எங்கள் வீட்டுக்குக் கரண்ட் பில் வராது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை இலவசம் அல்லவா, அந்த நூறைத் தாண்டவிடாமல் வருஷக்கணக்கில் வீட்டை ஓட்டிவந்தார் மனுஷன். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். கிணற்று மோட்டாருக்கும் இலவசக் கரண்ட்தான். மீட்டர் பார்க்க வருகிறவர் அட்டையில் பூஜ்யம் எழுதிவிட்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு முழுக்க மாமனார் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

அந்த வீட்டுக்குத்தான் நான் சீரோடு சீராக ஒரு ஃபிரிட்ஜைக் கொண்டுபோய் இறக்கினேன்.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் தின்னும் என்று கொண்டுவந்தவரிடம் கேட்டார். அந்த ஆள் கதவில் ஒட்டியிருந்த ஸ்டார்களைக் காட்டினார். மாமனாருக்கு அந்த நட்சத்திரங்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. பொழுது சாய்ந்ததும் போய் சுவிட்சை அணைத்துவிடுவார். ராத்திரியானால் ஊரே குளிர்ந்துவிடுகிறது, அதற்குமேல் தனியாக எதற்குக் குளிர் என்பது அவருடைய வாதம். எந்த ஊர் குளிர்கிறதோ! சித்திரை மாதம் எங்கள் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்தால் விடியும்வரை சுடும். நான் போடுவேன், அவர் அணைப்பார். என் கணவர் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர், வடக்கே போர்வெல் போடப் போனால் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார். அவருக்குப் போன் போட்டுப் பொருமினால், உங்கள் இரண்டு பேர் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவார். கெட்டுப்போனது மாவும் பச்சை மிளகாயும்தானே என்று நானும் விட்டுக்கொடுத்தேன். பூஜ்யம் பிழைத்துக்கொண்டது.

அப்புறம் என் மகள் பிறந்தாள். நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. லீவு முடிகிற சமயம், பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்று தவித்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் அம்மாவுக்குக் கடையை விட்டுவிட்டு வர முடியாது. வேலையை விட்டுவிடலாம் என்று நான் முடிவுக்கு வந்தபோது, மாமனார்தான் தானாக வாயைத் திறந்தார். நீ போயிட்டு வா அம்மிணி, நான் பாத்துக்கறேன் என்றார்.

இந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, சங்கில் சொட்டுச் சொட்டாக அவர் பால் புகட்டியதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையில் தாய்ப்பால் எடுத்துச் சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். அவர் சுடுதண்ணீரில் டப்பாவை இறக்கி, குளிர் விட்டதும் கொடுப்பார். ராத்திரியோ பகலோ இனிமேல் சுவிட்சைத் தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினார். நானும் நம்பினேன்.

கோடை முற்றியதும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. டாக்டர் கொடுத்ததில் நிற்கும், இரண்டு நாள் கழித்து மறுபடி போகும். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பஸ்ஸில் வெந்து நொந்து வருகிறவள் பால் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. லேபில் வேலை பார்க்கிற நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பா வந்தது? என் பால்தான் என் பிள்ளைக்கு ஆகவில்லை என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அந்த மாதத்தோடு வேலையை எழுதிக் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் லேபில் மெஷின் பழுதாகி மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், பிள்ளை தூளியில் தூங்குகிறது, மாமனார் விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் குடிக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துச் சுவரைப் பார்த்தால், சுவிட்ச் அணைந்திருக்கிறது. மிச்சம் இருந்த டப்பாவைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனேன். லேசாகப் புளித்த வாடை.

அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரிதான் கத்தினேன். "மாமா, உங்களுக்குப் பேத்திய விட அந்தப் பூஜ்யம்தான் பெருசுங்களா?"

இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் அதையேதான் கேட்பேன்.

அவர் டப்பாவை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தார். நான் வேலைக்குப் போனதும் அணைத்துவிட்டு, வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டுவிடுவாராம். கையை விட்டுப் பார்த்தால் உள்ளே சில்லென்றுதான் இருந்ததாம், அந்தக் குளிரே தாங்கும் என்று நினைத்தாராம். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தூளியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உம் புருசன் கைக்கொழந்தையா இருக்கையில, பில்லுக் கட்டலீன்னு பியூசப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க சாமி. வெக்கையில புள்ள உசுரு போறாப்பல கதறுனான். கையில காசில்ல, நான் பாத்துக்கிட்டே நின்னேன். பில்லே வரலீன்னா ஒருத்தனும் வந்து புடுங்க முடியாதுல்ல?"

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனாலும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பில் என் சம்பளத்தில் கட்டிவிடலாம், யாரும் வந்து எதையும் பிடுங்க மாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நிஜமாகவா என்று பச்சைப் பிள்ளை மாதிரி கேட்டார். பிறகு எழுந்துபோய் அவரே சுவிட்சைப் போட்டார். அதன்மேல் டேப்பையும் ஒட்டிவிட்டார்.

பிள்ளைக்கு வயிறு சரியாகி, கன்னம் மறுபடி உப்பியது. நான் வேலையை விடவில்லை.

அடுத்து மீட்டர் பார்க்க வந்த அன்று எனக்கு லீவு, நான் உள்ளே இருந்தேன். வந்தவர் மீட்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். கெட்ட செய்தி சொல்ல வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்தத் தடவை பில் வருகிறது, மீட்டரில் ஏதாவது கோளாறா என்று ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

மாமனார் மடியில் என் மகள் இருந்தாள். சங்கில் இருந்த கடைசிச் சொட்டையும் புகட்டி, வாயைத் துண்டால் ஒற்றிவிட்டு, அப்புறம்தான் அவர் நிமிர்ந்தார்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்க ஊட்டுல இப்பக் கைக்கொழந்த இருக்குது. பில்லு வரத்தான் செய்யும், எழுதுங்க."