காணாமல் போன மாப்பிள்ளைகள்

போன சனிக்கிழமை, ஒரு மண்டபம் நிறைந்த பெண்களுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேரும் என்மேல் கோபமாக இருந்தார்கள்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் வாராவாரம் வாயடிக்கிறவன்தான் நான். ஆனால் நேரில்? கலியாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், இன்னொரு துண்டு இறைச்சி கேட்கக்கூட வெட்கப்படுகிற ஆள். என்னைப் போய் அந்த மைக்குக்கு முன்னால் தள்ளியது எது?

ஒரு பைப்லைன். தண்ணீர்க் குழாய் இல்லை... தரவுக் குழாய்!

எங்கள் கிழக்குக் கரையில், கல்முனையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பொதுவாக ஓர் இரத்தக் கொடையாளர் சங்கம் இருக்கிறது. முகாம் நடக்கும்போதெல்லாம் இரத்தம் கொடுத்தவர்களின் பெயர், முகவரி, பிறந்த திகதி, இரத்த வகை எல்லாம் கொம்பியூட்டரில் பதியப்படும். அந்தப் பதிவுகள் அப்படியே டேட்டாபேஸில் படுத்துத் தூங்கும். யாரும் எழுப்பியதில்லை.

சங்கத்தின் செயலாளர் நசீர் சேர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஒருநாள் என் போட்டோகொப்பிக் கடைக்கு வந்தார்.

"தம்பி, நீ யூடியூபப் பாத்து என்னமோ புரோகிராம் எல்லாம் எழுதுறியாமே? நம்மட ஆக்கள்ல ஆரு தொடர்ந்து ரத்தம் குடுக்கிறாங்க, ஆரு விட்டுட்டாங்க எண்டு எடுத்துத் தரேலுமா?"

ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் ஒரு கணித ஆசிரியர் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? யோசிக்காமலே "ஓம் சேர்" என்றுவிட்டேன்.

நெல்லை வெட்டி, சூடடித்து, தூற்றி, காயவைத்து மில்லுக்கு அனுப்புகிறோமே... கிட்டத்தட்ட அந்த வேலைதான் இதுவும். பழைய டேட்டாபேஸிலிருந்து பதிவுகளை எடுக்க வேண்டும். பதர் நீக்க வேண்டும். ஒருவர் 'ஓ பொசிட்டிவ்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'ஓ பிளஸ்'. பிறந்த திகதியில் சிலருக்கு மாதம் முன்னால், சிலருக்கு நாள் முன்னால். எல்லாவற்றையும் ஒரு சீராக்கி, பகுப்பாய்வுக்கான புதிய அட்டவணையில் ஏற்ற வேண்டும்.

முதல் தடவை பதிவுகள் வரிசை குலையாமல் போய் இறங்கியபோது கடையில் யாருமில்லை. எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். ஒரே ஆள் பல முகாம்களுக்கு வந்திருப்பார். அவர் ஒரே ஆள்தான் என்று கொம்பியூட்டருக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டை இலக்கத்தைப் பலர் எழுதவே இல்லை. பெயரை மட்டும் வைத்துப் பிடிக்கலாமா? எங்கள் சந்தியில் நின்று "றிஸ்வான்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பாதிச் சந்தி திரும்பும்.

ஆகவே ஒரு சட்டம் போட்டேன் — பெயரும் முகவரியும் பொருந்தினால் ஒரே ஆள். பொருந்தாவிட்டால் வேறு ஆள்.

வரைபடம் வந்தது. வடிவான வரைபடம்தான். ஆனால் அதிலிருந்த செய்தி? இருபதுகளில் ஒழுங்காக இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த பொடியன்மார், முப்பதை நெருங்கும்போது கூட்டம் கூட்டமாகக் காணாமல் போகிறார்கள்!

நசீர் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது கலியாணம் முடிக்கிற வயசுதானே தம்பி?"

"ஓம் சேர்."

"அப்ப விஷயம் விளங்குது. பொண்டுகள்தான் போக விடாம வச்சிரிக்காங்க!"

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல். மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, திருமணமான பெண்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம். கணவர்மார் இரத்தம் கொடுப்பதைத் தடுக்கக் கூடாதாம். இதிலும் சரிவராவிட்டால் இந்த வருட முகாமையே விட்டுவிடலாம் என்று சங்கத்துக்குள் ஒரு கதையும் ஓடியது.

நான் வீட்டுக்குப் போனபோது மனைவி பௌசியா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியோடுதான் திரும்பினாள்.

"நாங்க எப்ப தடுத்த? போன முகாமுக்கு உங்களத் தள்ளி அனுப்பினது ஆரு?"

"நான் சொல்லல்ல பௌசி. டேட்டா சொல்லுது."

"டேட்டாக்கு வாயிரிக்கா? கொண்டாங்க, நானும் கேட்டுப் பாக்கன்."

லெப்டொப்பைத் திறந்து வைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நசீர் சேரும் நானும் கவனிக்காமல் விட்ட இரண்டாவது வரைபடத்தில் அவள் விரல் நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களின் வயதைக் காட்டும் படம்.

"முப்பது வயசில திடீரெண்டு இத்தின பேர் புதுசா வந்திரிக்காங்க. இவங்கெல்லாம் ஆரு? வானத்தால குதிச்சவங்களா?"

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"உங்கட பேரப் போட்டுப் பாருங்க."

போட்டேன். நான் இரண்டு பேராக வந்தேன்!

ஒருவன் மருதமுனையில், என் உம்மாவின் வீட்டு முகவரியில் இருக்கிறான். கலியாண வயதோடு இரத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டான். மற்றவன் சாய்ந்தமருதில், பௌசியாவின் வீட்டு முகவரியில் திடீரென்று முளைத்திருக்கிறான். அன்றிலிருந்து ஒழுங்காகக் கொடுக்கிறான்.

பௌசியா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போகிறான்? நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படி வந்தவன்தான். முகாமில் ஃபோர்ம் தந்தால் யோசிக்காமல் இந்த வீட்டு இலக்கத்தைத்தான் எழுதுகிறேன். ஆனால் கொம்பியூட்டருக்குச் சட்டம் போடும்போது மட்டும், வீடு மாறினால் ஆளே வேறு என்று எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊர்க்காரனின் யூடியூபைப் பார்த்தேனோ...

சட்டத்திலிருந்து முகவரியைத் தூக்கினேன். பெயர், பிறந்த திகதி, இரத்த வகை — மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள். கலியாணம் முகவரியை மாற்றும். இரத்த வகையை மாற்ற எந்த மாமியாராலும் முடியாதே! பதிவுகளை மீண்டும் ஏற்றினேன். காணாமல் போனவர்கள் ஒவ்வொருவராக வீடு வந்து சேர்ந்தார்கள். கோடு விழவே இல்லை. முப்பதுக்குப் பிறகு கொஞ்சம் ஏறியும் இருந்தது.

நசீர் சேரிடம் ஓடினேன்.

"கூட்டத்த நிப்பாட்டுவம் சேர்."

"பள்ளியில சொல்லியாச்சு. இனி எப்பிடி நிப்பாட்டுற? பைப்பப் போட்டது நீதானே. நீயே வந்து ஒழுக்க அடை!"

இப்படித்தான் அந்த மைக் என் கைக்கு வந்தது.

முன்வரிசையில் கத்தீஜா ராத்தா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவுக்கே மூத்த அக்கா; அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"என்ன தம்பி, எங்களுக்குப் படிப்பிக்கவா வந்த?"

மைக் கீச்சென்று கத்தியது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இல்ல ராத்தா... உங்கட மாப்பிள்ளமார் ஆரும் நிப்பாட்டல்ல. நீங்களும் தடுக்கல்ல. அவங்க உங்கட ஊட்டுக்கு வந்திட்டாங்க. நான்தான் அவங்கள உம்மா ஊட்டில தேடிட்டேன்."

பின்வரிசையிலிருந்து, என்னை அண்ணன் முறை வைத்து, ஒரு குரல் வந்தது.

"எங்கட ஆள இப்பவும் உம்மா ஊட்டிலதான் தேடணும் காக்கா! சோத்து நேரத்தில போய்ப் பாருங்க!"

மண்டபமே குலுங்கியது. கத்தீஜா ராத்தா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நசீர் சேர் எழுந்தார்.

"தங்கச்சிமாரே, பிழை எங்கடது. நான் அவசரப்பட்டுட்டன். முகாம் கட்டாயம் நடக்கும்."

அத்தோடு முடிந்தது என்று மைக்கைக் கீழே வைக்கப் போனேன். கத்தீஜா ராத்தா விடவில்லை.

"அதெல்லாம் சரி சேர். மாப்பிள்ளமார அனுப்பு, அனுப்பு எண்டு சொல்ல மட்டும் எங்களக் கூப்பிடுறீங்க. எங்கட ஒடம்பில ஓடுறது என்ன, ரத்தமில்லாம தேயிலச் சாயமா? எங்களுக்கு ஃபோர்ம் இல்லியா?"

நசீர் சேர் என்னைப் பார்த்தார். நான் கடைக்கு ஓடினேன். போட்டோகொப்பி மெஷின் சூடேறும்வரை ஃபோர்ம் அடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் கடதாசி அடித்ததே இல்லை. கொண்டுபோய்க் கொடுத்ததும் பேனைக்குத்தான் தட்டுப்பாடு. பௌசியாதான் முதலில் எழுதி நீட்டினாள்.

ஞாயிறு காலை அந்தப் பதிவுகளைப் பைப்லைனில் விட்டேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் போய் இறங்கின. முன்னொரு காலத்தில் கொடுத்திருந்த சில பெண்களின் பழைய பதிவுகளோடும், நான் சட்டத்திலிருந்து தூக்கிய முகவரி உட்பட, அச்சொட்டாகப் பொருந்தின. ஏன் பொருந்தாது? பிறந்து வளர்ந்த வீட்டு வளவும், கலியாணம் முடித்த வளவும், பிள்ளை பெற்ற வளவும் அவர்களுக்கு ஒன்றுதானே!

இந்தக் கரையில் டேட்டாவைக் குழப்புகிறவர்கள் மாப்பிள்ளைகள் மட்டும்தான்.