இரண்டாவது ரேடியேட்டர்

பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலை, செம்பாக்கத்தில் என் வீட்டு ஷெட்டில் வைத்து நானும் என் நண்பனும் நான்கு வருடம் கட்டினோம். ஃபைபர் உடம்பு, இரண்டே இருக்கை, சிவப்பு நிறம், உள்ளே ஓர் உள்ளூர்க் காரின் எஞ்சின். அவன் குரோம்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். எனக்கு ஆபீஸ் வேலை. அதனால் பொருளைத் தேர்ந்தெடுப்பது அவன் பாடு, வண்டியைப் பராமரிப்பது என் பாடு என்று பிரித்துக்கொண்டோம்.

வண்டியின் மூக்கு தாழ்வானது, உயரமான ரேடியேட்டர் நுழையாது. சின்னக் கார் ஒன்றின் அலுமினிய ரேடியேட்டரைச் சாய்த்து வைத்து, காற்று பக்கவாட்டில் நழுவாமல் ஓரமெல்லாம் ரப்பர் ஷீட் அடித்தான். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர வேறெதையும் ஊற்றாதே என்றான். சரி என்றேன். ஒரு வருடத்தில் வண்டி சூடேறத் தொடங்கியது. ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையில் சொல்லிப் பித்தளையில் ஒன்று செய்து மாட்டினோம். அதைச் செய்யக் கொடுத்தபோதே இன்னும் தடிமனாக வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன், அவன் கேட்கவில்லை.

"தடிமன் இன்னாடா பண்ணும்? காத்து உள்ள போய் வெளிய வரணும், அவ்ளோதான்," என்றான்.

அவன் மகளுக்குக் கல்யாணம் கூடியதும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மேடவாக்கம் பக்கத்து சர்ச்சுக்கு மகளை அந்த வண்டியில் அழைத்துப் போக வேண்டும்.

அன்று காலை வெயில் கொளுத்தியது. அவன் ஓட்டினான். வெள்ளைப் பட்டுச் சேலையில் மகள் பக்கத்தில். நான் பைக்கில் பின்னால். கீழ்க்கட்டளை சிக்னலில் வண்டி கொதித்துப் பானட்டிலெல்லாம் தண்ணீர் தெறித்து, நின்றே போனது. சுற்றிலும் கூட்டம், நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு மானம் போனது. மகள் காதில் விழும்படியே கத்தினேன்.

"தடிமனா போடலாம்னு அன்னிக்கே சொன்னேன். நீதான் கேக்கல. உன்னாலதான் இப்படி நடுரோட்டுல நிக்குறோம்."

அவன் பானட்டை ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தான். ஒரு ஆட்டோவை நிறுத்தி மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது.

மூன்று மாதம் கழித்து ரேடியேட்டரைக் கழற்றி அதே கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மேல் டேங்கைப் பிரித்துக் காட்டினார். குழாய்களின் வாயெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல அடைத்திருந்தது.

"இன்னா தண்ணி சார் ஊத்துறீங்க? ஃபுல்லா உப்பு கட்டிக்கீது."

போர் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர். பக்கெட் வெள்ளை, ஷவர் வெள்ளை, கெய்சர் இரண்டு முறை போய்விட்டது. எல்லாம் தெரிந்தும், டிஸ்டில்டு வாட்டர் வாங்க மெயின் ரோடு வரை போகச் சோம்பல்பட்டு, வண்டி என்ன குடிக்கவா போகிறது என்று ஞாயிறுதோறும் ஹோஸைச் செருகியிருக்கிறேன். இரண்டு ரேடியேட்டரையும் கொன்றவன் நான்தான்.

நேரே பட்டறைக்குப் போனேன். அவன் லேத்தை நிறுத்தினான்.

"தப்பு என்னுதுடா. போர் தண்ணி ஊத்திட்டேன்."

"தெரியும். பானட்டுல தெறிச்ச தண்ணி வெள்ளையா காஞ்சுச்சே, அங்கியே தெரிஞ்சுது."

"அப்பவே நாலு வார்த்த திட்டியிருக்கலாமே."

"பொண்ணு பார்த்துகினு இருந்தா. உன்ன பெரிப்பான்னு கூப்புடுறவ. அவ எதிர்ல எப்படி சொல்றது?"

அவன் மறுபடி லேத்தைப் போட்டான். அந்தச் சத்தத்தில் இனி எதுவும் பேச முடியாது.

வண்டி இன்னும் ஷெட்டில் மூக்கு திறந்தபடி நிற்கிறது. மூன்றாவது ரேடியேட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவன் அவன். அவன் வரவில்லை.